சுவர் என்றால் என்னவென்று மென்பொருளிடம் கேளுங்கள்

ஒரு தாளைக் கொடுத்து, சுவர் ஒன்று வரையச் சொல்லிப் பாருங்கள். கட்டடக்கலை மாணவர் என்றால் இரண்டு இணைகோடுகள் போடுவார். மற்றவர்கள் ஒரு செவ்வகம் போட்டு உள்ளே செங்கற்களை அடுக்குவார்கள். முன்னவர் மேலிருந்து பார்க்கிறார், பின்னவர் எதிரே நின்று பார்க்கிறார். இரண்டுமே சுவர்தான்.

கணினியில் கட்டடம் வரையும் மென்பொருள்களிலும் இதே கதைதான். ஆட்டோகேடுக்குச் சுவர் என்றால் இரண்டு கோடுகள். ஸ்கெட்ச்அப்புக்கு அது தரையிலிருந்து மேலே இழுத்த பெட்டி. ரைனோவுக்குச் சில பரப்புகள் சேர்ந்த ஓர் உருவம். கிராஸ்ஹாப்பருக்கு ஒரு கணக்கின் விடை. ரெவிட்டுக்குத்தான் சுவர் சுவராகவே தெரியும். அதன் கனம், உயரம், பூச்சு, அதில் பொருத்திய கதவு எல்லாம் அதன் கணக்கில் இருக்கும்.

கட்டடக்கலை மென்பொருள்களைக் கற்றுத்தரும் குறுகிய பயிலரங்குகள் இரண்டு நாளில் முடிந்துவிடும், அதிகம் போனால் ஐந்து நாள். அதற்குள் எந்த மென்பொருளையும் முழுதாகக் கற்க முடியாது. ஆனால் அது சுவரை என்னவாக நினைக்கிறது என்பதைப் பிடித்துவிடலாம். அதைப் பிடித்தவர் மற்றதையெல்லாம் தேவைப்படும்போது தேடிக் கண்டுபிடித்துக்கொள்வார். பிடிக்காதவர் எத்தனை பொத்தான்களை மனப்பாடம் செய்தாலும் ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் போன முதல் பயிலரங்கு மூன்று நாள், நான்கு மென்பொருள்கள். முன்னால் நின்றவர் இங்கே அழுத்துங்கள், இப்போது அங்கே அழுத்துங்கள் என்று சொல்லச் சொல்ல நாங்களும் அழுத்தினோம். கடைசி நாள் மாலை என் திரையில் நாற்பது மாடிக் கோபுரம் ஒன்று மாடிக்கு மாடி கொஞ்சம் திரும்பியபடி முறுக்கிக்கொண்டு நின்றது. எனக்கே என் மேல் பெருமை. அடுத்த திங்கட்கிழமை ஒரு கழிப்பறைக்குப் பிளான் வரைய உட்கார்ந்தேன். கதவை எப்படிப் போடுவது என்று தெரியவில்லை.

கோடு

கணினியில் கோடு போட்டுக் காட்டிய முன்னோடிகளில் ஒருவர் ஐவன் சதர்லாண்ட். 1963-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டத்துக்காக அவர் எழுதிய நிரல் ஸ்கெட்ச்பேட். டிஎக்ஸ்-2 என்ற பெரிய கணினியின் திரையில் ஒளிப்பேனாவால் நேரடியாக வரையலாம். அதைவிட முக்கியமானது இன்னொன்று. இந்த இரண்டு கோடுகளும் இணையாக இருக்க வேண்டும், இவை இரண்டும் ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவைத்தால், ஒன்றை அசைக்கும்போது மற்றதும் அதற்கேற்ப மாறும். பென்சிலால் முடியாத ஒன்றைச் செய்யத்தான் கணினி அன்றைக்கே முயன்றிருக்கிறது.

1982-இல் வந்த ஆட்டோகேட் இந்தக் கனவை ஓரமாக வைத்துவிட்டு, வரைபலகையை அப்படியே கணினிக்குள் கொண்டுவந்தது. கோடு, வட்டம், எழுத்து, அளவு. சாதாரண மேசைக் கணினியிலேயே ஓடியது. அதனால்தான் அது பரவியது. இன்றைக்கும் பல அலுவலகங்களில் வரைபடம் என்றாலே அந்த ஃபைல்தான்.

இங்கே புதியவர் முதலில் குழம்பும் இடம் அளவுகோல். தாளில் வரையும்போது நாம் முதலிலேயே முடிவு செய்வோம்: 1:100 என்றால் நான்கு மீட்டர் சுவரை நான்கு சென்டிமீட்டராகப் போடுவோம். ஆட்டோகேடில் அப்படிச் செய்யக் கூடாது. நான்கு மீட்டர் சுவருக்கு 4000 என்று அடித்து நான்கு மீட்டராகவே வரைய வேண்டும். திரைக்குள் இருப்பது எல்லையில்லாத மைதானம். கட்டடம் அதில் நிஜ அளவில் படுத்திருக்கிறது. அளவுகோல் என்ற பேச்சு தாளில் அச்சிடும்போதுதான் வரும். அதற்காகத் தனியே ஒரு தாள் வெளி இருக்கிறது. அதில் ஒரு சன்னலைத் திறந்து, இதன் வழியாகக் கட்டடத்தை 1:100-இல் காட்டு என்று சொல்கிறோம். அந்தச் சன்னல் வழியே 4000 மில்லிமீட்டர் 40 மில்லிமீட்டராகத் தெரியும். ஏ3 தாளின் நீளம் 420 மில்லிமீட்டர். அதாவது ஓரங்களை விட்டுவிட்டால் ஏறத்தாழ 40 மீட்டர் நீளமுள்ள கட்டடம் வரை 1:100-இல் அதற்குள் அடங்கும். பயிலரங்கின் முதல் நாளில் இந்த ஒன்று புரிந்துவிட்டால் அந்த நாள் வீணாகவில்லை.

அடுத்தது லேயர். புதியவர்கள் இதை வண்ணம் கொடுக்கும் வசதி என்று நினைத்துவிடுகிறார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்கள் என்று எண்ணிக்கொண்டால் சரியாக வரும். சுவர் ஒரு தாளில், கதவு ஒரு தாளில், மேசை நாற்காலி ஒரு தாளில், அளவுகள் ஒரு தாளில். மின்சார வேலை செய்பவருக்கு அனுப்பும்போது மேசை நாற்காலித் தாளை மறைத்துவிடலாம். எல்லாவற்றையும் ஒரே லேயரில் வரைந்த ஃபைலைப் பிறகு திருத்துவது, ஒரே நூல் கண்டில் பத்து நிறங்களைச் சுற்றிவிட்டுப் பிரிப்பதைப் போன்ற வேலை.

கோட்டின் தடிமனைப் பற்றி யாரும் பயிலரங்கில் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அது பிடித்த விஷயம் என்பதால் சொல்லிவிடுகிறேன். மில்லிமீட்டரில் 0.18, 0.25, 0.35, 0.5, 0.7 என்று ஒரு வரிசை உண்டு. விசித்திரமான எண்களாகத் தெரியும். ஒவ்வொன்றும் முந்தையதைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு, அதாவது 2-இன் வர்க்கமூலம். ஏ1, ஏ2, ஏ3 தாள்களின் பக்கங்களும் இதே விகிதத்தில்தான் சிறுத்துக்கொண்டே போகின்றன. எனவே ஏ1 தாளில் 0.5 ஆக இருந்த கோடு, ஏ2-வாகச் சுருக்கி அச்சிட்டால் 0.35 ஆகிவிடும், அதுவும் வரிசையில் உள்ள தடிமன்தான். வரைபடத்தில் வெட்டுப்பட்ட சுவர் தடிமனாகவும், பின்னால் தெரியும் பொருள்கள் மெலிதாகவும் இருக்க வேண்டும். இந்த ஒரு வேறுபாடு இல்லாத பிளானை எவ்வளவு சரியாக வரைந்திருந்தாலும் கண்ணால் படிக்க முடியாது.

கட்டளைகளைப் பொறுத்தவரை, பத்து தெரிந்தால் போதும். கோடு, இணையாக நகல் எடுப்பது, நீட்டுவது, மிச்சத்தை வெட்டுவது, நகர்த்துவது, சுழற்றுவது, பிரதிபலிப்பது. இடது கை விசைப்பலகையில், வலது கை மவுஸில். பட்டையில் உள்ள படங்களைத் தேடித் தேடிச் சொடுக்குபவர்களைவிட, ஓரிரண்டு எழுத்துக் குறுக்குவழிகளை அடிப்பவர்கள் வேகமாக வேலை செய்வார்கள். ஸ்பேஸ்பாரைத் தட்டினால் முந்தைய கட்டளை மீண்டும் வரும். இது தெரியாமல் ஓராண்டு ஓட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெட்டி

ஸ்கெட்ச்அப் 2000-இல் வந்தது. உருவாக்கியது அட் லாஸ்ட் சாஃப்ட்வேர் என்ற சிறிய நிறுவனம். 2006-இல் கூகுள் வாங்கியது, 2012 முதல் டிரிம்பிளிடம் இருக்கிறது. அதன் மொத்த வித்தையும் ஒரே கருவியில் அடங்கும்: மூடிய பரப்பு ஒன்றைப் பிடித்து இழுத்தால் எழும்பும், அழுத்தினால் குழியும். தரையில் செவ்வகம் போட்டு 3000 இழுத்தால் அறை. சுவரின் முகத்தில் ஒரு செவ்வகம் போட்டு, சுவரின் கனம் அளவுக்கு உள்ளே அழுத்தினால் சன்னல் துளை. அரை மணி நேரத்தில் யாரும் ஒரு வீட்டை எழுப்பிவிடுவார்கள். அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அங்கேயே ஒரு வம்பு காத்திருக்கிறது. ஸ்கெட்ச்அப்பில் ஒன்றையொன்று தொடும் பரப்புகள் ஒட்டிக்கொள்ளும். மேசையைச் சுவரோரம் வைத்துவிட்டுப் பிறகு நகர்த்தினால் சுவரும் கூடவே இழுபட்டு வரும். முதல் முறை பார்ப்பவர்கள் மென்பொருளில் ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள். கோளாறு இல்லை. அதன் கண்ணில் மேசை என்றும் சுவர் என்றும் தனித்தனியாக எதுவும் கிடையாது. விளிம்புகளும் பரப்புகளும்தான் உண்டு. இது மேசை, இதைத் தனியாக வை என்று நாம்தான் குழுவாகக் கட்டிச் சொல்ல வேண்டும். ஒரு பொருளை வரைந்த அடுத்த நொடியே குழுவாக்குவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஒரே மாதிரியான இருபது சன்னல்கள் வேண்டுமென்றால் குழுவுக்குப் பதிலாகக் காம்பொனன்ட். ஒன்றைத் திருத்தினால் இருபதும் திருந்தும்.

வளைவு

பெட்டியில் இருந்து வளைவுக்குப் போகும்போதுதான் ரைனோ வேண்டியிருக்கிறது. 1998-இல் வந்த இந்த மென்பொருளின் அடிப்படை நர்ப்ஸ் எனப்படும் கணித வளைவுகள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கப்பல் கட்டுபவர்கள் மெல்லிய மரப்பட்டையை வளைத்து, ஆங்காங்கே கனமான ஈயக் கட்டிகளை வைத்து நிறுத்தி, அந்தப் பட்டை எடுக்கும் வளைவை வரைந்துகொள்வார்கள். அந்தப் பட்டையைத்தான் ஸ்பிளைன் என்றார்கள். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரான்சின் கார் நிறுவனங்களில் இதற்குக் கணிதம் பிறந்தது. சித்ரோயெனில் பால் த காஸ்டெல்ஜோ, ரெனோவில் பியர் பெசியே. கார் உடலின் வளைவை ஒவ்வொரு முறையும் கையால் ஒப்பிட்டுச் செதுக்காமல், எண்களாக எழுதி இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்தது.

ரைனோவில் ஒரு வளைவை வரைந்தால் அதைச் சுற்றிச் சில புள்ளிகள் தெரியும். வளைவு அந்தப் புள்ளிகள் எல்லாவற்றின் வழியாகவும் போவதில்லை. ஒவ்வொன்றும் அதைத் தன் பக்கம் கொஞ்சம் இழுக்கிறது, அவ்வளவுதான். ஒரு புள்ளியை நகர்த்தினால் வளைவு வழுக்கிக்கொண்டு உருமாறும். எனவே நல்ல வளைவுக்குக் குறைந்த புள்ளிகளே போதும். ஐம்பது புள்ளிகளைக் கொட்டி வரைந்த வளைவு எங்காவது நெளிந்துகொண்டே இருக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பது மெஷ். சின்னச் சின்னத் தட்டையான முகங்களை ஒட்டிச் செய்த உருவம். மெஷ் பந்தை நெருங்கிப் பார்த்தால் வைரக்கல்லைப் போலப் பட்டைகள் தெரியும். நர்ப்ஸ் பந்து எவ்வளவு நெருங்கினாலும் வழுவழுப்பாகவே இருக்கும். திரையில் நீங்கள் பார்ப்பது என்னவோ இரண்டிலும் மெஷ்தான். நர்ப்ஸைக் காட்டுவதற்காகவும் மென்பொருள் பின்னால் பட்டைகளாக உடைத்துக்கொள்ளும். இலவச மென்பொருளான பிளெண்டர் பெரும்பாலும் மெஷ் உலகத்தைச் சேர்ந்தது. அதிலிருந்து ரைனோவுக்கு ஒன்றைக் கொண்டுவந்துவிட்டு, ஏன் துல்லியமாக வெட்ட முடியவில்லை என்று தவிப்பவர்களின் சிக்கல் இங்கேதான்.

வளைவை வரைவது சுலபம், கட்டுவதுதான் பாடு. சிட்னி ஆப்பெரா ஹவுஸ் இதற்குக் கணினிக்கு முந்தைய நல்ல பாடம். 1957-இல் போட்டியில் வென்றபோது கட்டடக்கலைஞர் யோர்ன் உட்சனின் கூரையில் இருந்த பெரிய சிப்பி போன்ற ஓடுகள் கைக்கு வந்தபடி வளைந்த உருவங்கள். பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் பலவகை வளைவுகளைப் போட்டுப் பார்த்தும் சிக்கனமாகக் கட்டும் வழி கிடைக்கவில்லை. கடைசியில் எல்லா ஓடுகளையும் சுமார் 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்தின் பரப்பிலிருந்து வெட்டி எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. கோளத்தில் எங்கு எடுத்தாலும் வளைவு ஒன்றுதான். அதனால் வளைவிட்டங்களை ஒரே வகை அச்சுகளில் வார்த்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடிந்தது. 1973-இல் கட்டடம் திறந்தது. முதலில் உருவம் இருந்தது, பிறகு அதற்கு ஒரு விதி கிடைத்தது. விதி கிடைத்த பிறகுதான் கட்ட முடிந்தது.

அப்படியென்றால் விதியிலிருந்தே தொடங்கினால் என்ன?

விதி

கிராஸ்ஹாப்பரை டேவிட் ரட்டன் 2007-இல் ரைனோவின் துணைநிரலாகக் கொண்டுவந்தார். 2018-இல் வந்த ரைனோ 6 முதல் அது கூடவே வருகிறது. இதைத் திறந்தால் வரையும் இடமே இருக்காது. வெறும் பலகை. அதில் சின்னச் சின்னப் பெட்டிகளை வைத்துக் கம்பிகளால் இணைப்போம். ஒரு பெட்டி எண்ணைத் தரும், இன்னொன்று அதை வகுக்கும், மூன்றாவது அதற்கேற்பக் கோடு போடும். உருவம் பக்கத்தில் ரைனோ திரையில் தானாக எழும்.

பயிலரங்குகளில் இதைக் கற்றுத்தர எல்லோரும் எடுப்பது அந்த முறுக்கிய கோபுரத்தைத்தான். நான் மாடிப்படியை எடுப்பேன். பார்க்க அவ்வளவு கவர்ச்சி இல்லை. ஆனால் யாரும் ஏறி இறங்கிய பொருள், சரியா தப்பா என்று காலுக்கே தெரியும்.

படிக்கு இரண்டு அளவுகள். ஒரு படி எவ்வளவு உயர்கிறது என்பது ஏற்றம், கால் வைக்க எவ்வளவு இடம் என்பது மிதி. 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் பிரான்சுவா பிளான்டெல் ஒரு விதி சொன்னார். ஏற்றத்தின் இரு மடங்கோடு மிதியைக் கூட்டினால் மனிதனின் ஒரு காலடி தூரம் வர வேண்டும். இன்றைய கணக்கில் அதை ஏறத்தாழ 600 முதல் 640 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்கிறார்கள். நாம் 630 என்று எடுத்துக்கொள்வோம். ஏற்றம் 170-ஐத் தாண்டக் கூடாது என்றும் வைத்துக்கொள்வோம்.

தளத்துக்குத் தளம் உயரம் 3000. அதை 170-ஆல் வகுத்தால் 17.6 வரும். பாதிப் படி கட்ட முடியாது, எனவே மேலே தள்ளி 18 ஏற்றங்கள். 3000-ஐ 18-ஆல் வகுத்தால் ஓர் ஏற்றம் 166.7. மிதி, 630-இலிருந்து அதன் இரு மடங்கைக் கழித்தால் 296.7. மிதிகள் எத்தனை? 18 என்று பெரும்பாலோர் சொல்வார்கள். 17. கடைசி ஏற்றம் ஏறியதும் நீங்கள் மேல்தளத்தில் நிற்கிறீர்கள், அங்கே மிதி தேவையில்லை. இந்த ஒன்று குறையும் இடத்தில் ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது தடுக்கி விழுவார்கள், எனக்கே இரண்டு தடவை ஆகியிருக்கிறது. 17 மிதிகளுக்கு மொத்த நீளம் சுமார் 5043 மில்லிமீட்டர்.

இப்போது வீட்டுக்காரர் வந்து, கூரை இன்னும் ஒரு அடி உயரட்டும் என்கிறார். 3300 என்று வைப்போம். கையால் வரைந்திருந்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி. கிராஸ்ஹாப்பரில் உயரத்துக்கான ஸ்லைடரை 3300-க்கு நகர்த்துகிறீர்கள். ஏற்றங்கள் 20, ஒவ்வொன்றும் 165. மிதி 300. மிதிகள் 19. மொத்த நீளம் 5700. திரையில் படி தானாக நீண்டு எதிர்ச்சுவருக்குள் புகுந்துகொண்டு நிற்கிறது. கூரையில் 300 ஏறியது தரையில் 650-க்கும் மேல் கேட்கிறது என்பதை வீட்டுக்காரரும் நீங்களும் அந்த நொடியே கண்ணால் பார்க்கிறீர்கள்.

பாராமெட்ரிக் என்று பெரிதாகப் பேசப்படுவது இதைத்தான். நீங்கள் படியை வரையவில்லை. படி எதைப் பொறுத்து எப்படி மாற வேண்டும் என்பதை எழுதிவைத்தீர்கள். எது மாறும் எண், எது மாறாத விதி, எது விதியிலிருந்து கிடைக்கும் விடை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இந்தப் பிரிவைக் காகிதத்தில் எழுதாமல் நேராகப் பெட்டிகளை இணைக்கத் தொடங்கினால், ஒரு மணி நேரத்தில் பலகை முழுக்கக் கம்பிச் சிக்கலாகிவிடும்.

கம்பிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒற்றைக் கோடாகத் தெரியும் கம்பியில் ஒரே ஒரு பொருள் போகிறது. இரட்டைக் கோடென்றால் ஒரு பட்டியல். கோடு விட்டு விட்டுத் தெரிந்தால் பட்டியல்களின் பட்டியல், கிளை கிளையாக. எதிர்பார்த்த ஒரு படிக்குப் பதில் நானூறு கோடுகள் திரையில் சிதறிக் கிடந்தால், முதலில் கம்பியின் தோற்றத்தைப் பாருங்கள். பிழை பெரும்பாலும் அங்கேதான்.

இன்னொன்று, ஸ்லைடரை நகர்த்தும்போது தெரியும் உருவம் ஒரு முன்னோட்டம் மட்டுமே. அதை ரைனோவில் பேக் (bake) செய்தால்தான் நிஜப் பொருளாகும். பேக் செய்ததற்குப் பிறகு அதற்கு விதி தெரியாது, உறைந்த உருவம்.

கணினி இல்லாமலும் இதைச் செய்திருக்கிறார்கள். ஸ்பெயினின் கட்டடக்கலைஞர் அந்தோனி கவுதி, கொலோனியா குவெல் தேவாலயத்துக்காகக் கயிறுகளைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, அவற்றில் ஈயக் குண்டுகள் நிரப்பிய சிறு பைகளைக் கட்டினார். தொங்கும் கயிறு எடுக்கும் வளைவைத் தலைகீழாகத் திருப்பினால், எடையைத் தாங்கி நிற்கும் வளைவு கிடைக்கும். ஒரு பையின் எடையை மாற்றினால் எல்லாக் கயிறுகளும் கொஞ்சம் இடம் மாறும். புவியீர்ப்பே கணக்குப் போட்டுத் தந்தது. அந்த மாதிரியைச் செய்ய ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆயின. அதோடு ஒப்பிட்டால் நம் ஸ்லைடருக்கு நாம் காட்டும் அவசரம் கொஞ்சம் அதிகம்தான்.

தகவல்

பிம் (BIM), அதாவது கட்டடத்தை உருவமாக மட்டுமல்லாமல் தகவலோடு சேர்த்து மாடலாக்கும் முறை, பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். ரெவிட் 2000-இல் வந்தது, 2002-இல் ஆட்டோடெஸ்க் வாங்கியது. புடாபெஸ்டில் பிறந்த ஆர்க்கிகேட் அதற்கும் மூத்தது, 1980-களைச் சேர்ந்தது. இவற்றில் சுவர் என்று தேர்ந்தெடுத்துப் போட்டால் அது எந்தத் தளத்திலிருந்து எந்தத் தளம் வரை, என்னென்ன அடுக்குகள் கொண்டது என்பதெல்லாம் கூடவே வரும். கதவு சுவருக்குள் குடியிருக்கும். சுவரை நீக்கினால் கதவும் போகும். பிளான், செக்‌ஷன், எலிவேஷன் (மேலிருந்தும், வெட்டியும், எதிரிலிருந்தும் பார்க்கும் படங்கள்), கதவுகளின் பட்டியல் எல்லாம் ஒரே மாடலின் வெவ்வேறு பார்வைகள். பிளானில் சன்னலை நகர்த்தினால் எலிவேஷனிலும் நகர்ந்திருக்கும். கையால் வரைந்த காலத்தில் இதை மறந்துவிட்டுக் கட்டுமிடத்தில் வாங்கிக்கட்டிக்கொண்டவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். வெவ்வேறு நிறுவன மென்பொருள்கள் இந்தத் தகவலைப் பரிமாறிக்கொள்ள ஐஎஃப்சி என்ற பொது வடிவம் இருக்கிறது.

ஆனால் இரண்டு நாள் பயிலரங்கில் புதியவருக்கு ரெவிட்டைக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சுவர் எங்கே வர வேண்டும் என்றே இன்னும் முடிவாகாத நேரத்தில், அது என்ன வகைச் சுவர், எந்தத் தளம் வரை என்று கேட்டுக்கொண்டு நிற்கும். பதில் தெரியாதவர் அது தரும் முதல் வகையையே எடுத்துக்கொண்டு போவார். யோசனையை முடித்துவிட்டு வந்தவருக்கு அது நல்ல கூட்டாளி. யோசித்துக்கொண்டிருப்பவருக்கு நச்சரிப்பு.

மாடலை நிஜப் புகைப்படம் போலக் காட்டும் ரெண்டரிங்கும் அப்படித்தான். கண்ணாடியில் மேகம் தெரிய வைப்பதில் ஒரு பிற்பகல் முழுதும் கரைந்துபோகும். பயிலரங்கில் அதைத் தொடவே வேண்டாம்.

போவதற்கு முன்பும், போன பிறகும்

மென்பொருளை முதல் நாளுக்கு முன்பே மடிக்கணினியில் நிறுவித் திறந்து பார்த்துவிடுங்கள். முதல் நாள் காலை பாதி, பலருக்கும் நிறுவுவதிலேயே போகிறது. மாணவர்களுக்கு ஆட்டோடெஸ்க் இலவச உரிமம் தருகிறது, ரைனோவை 90 நாள் முழு வசதிகளோடு சோதித்துப் பார்க்கலாம், ஸ்கெட்ச்அப்புக்கு உலாவியிலேயே ஓடும் இலவசப் பதிப்பு உண்டு. நடுவில் சக்கரம் உள்ள மவுஸ் கட்டாயம். தொடுபலகையில் முப்பரிமாணம் வரைவது கையைக் கட்டிக்கொண்டு நீந்துவதைப் போன்றது.

புது ஃபைலைத் திறந்ததும் முதலில் அலகைப் பாருங்கள். மில்லிமீட்டரா, மீட்டரா, அங்குலமா. ஒருமுறை நான் 12 மீட்டர் நீள வீடொன்றை மீட்டர் அலகில் வரைந்து, 1:100 மாதிரிக்காக முப்பரிமாண அச்சுக்கு அனுப்பினேன். அச்சு இயந்திரங்களுக்குப் போகும் எஸ்டிஎல் ஃபைலில் அலகு என்ற ஒன்றே கிடையாது, வெறும் எண்கள்தான். அது 12-ஐ மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டது. 12 சென்டிமீட்டர் வர வேண்டிய வீடு நகத்தளவில் வந்து சேர்ந்தது. கூரை மட்டும் அடையாளம் தெரிந்தது.

இதன் உறவினர் இன்னொரு சிக்கல். நில அளவைப் படத்தை அப்படியே கொண்டுவந்தால், கட்டடம் அளவுகள் தொடங்கும் மையப் புள்ளியிலிருந்து (0,0) பல லட்சம் மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும். திரையில் காட்டும்போது பல மென்பொருள்கள் ஏழு இலக்கங்கள் அளவுக்கே எண்ணைத் துல்லியமாகக் கையாளும். ஐந்து லட்சம் மீட்டரை மில்லிமீட்டரில் எழுதினால் ஒன்பது இலக்கங்கள். கடைசி இலக்கங்கள் தொலைந்துபோய்க் கோடுகள் நடுங்கும், வட்டங்கள் கோணல்மாணலாகத் தெரியும். மொத்தப் படத்தையும் மையப் புள்ளிக்கு அருகே நகர்த்திவிட்டால் சரியாகிவிடும்.

பயிலரங்கில் எதை வரைவது? புகழ்பெற்ற கட்டடம் எதையும் எடுக்காதீர்கள். நீங்கள் தூங்கும் அறையை எடுங்கள். முந்தின நாள் இரவே டேப் வைத்து நான்கு சுவர்கள், கதவு, சன்னல், சன்னலின் அடிமட்டம், கூரையின் உயரம் எல்லாவற்றையும் அளந்து ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். முதல் நாள் அதைக் கோடுகளாக வரையுங்கள், இரண்டாம் நாள் பெட்டியாக எழுப்புங்கள், மூன்றாம் நாள் இருந்தால் அதன் சன்னல் கம்பிகளை ஒரு விதியாக எழுதுங்கள்: சன்னலின் அகலம் மாறினாலும் கம்பிகளுக்கு நடுவே இடைவெளி 100-ஐத் தாண்டக் கூடாது. படிக்கட்டுக் கணக்கேதான், படுத்திருக்கிறது. இங்கேயும் கம்பிகளின் எண்ணிக்கைக்கும் இடைவெளிகளின் எண்ணிக்கைக்கும் ஒன்று வித்தியாசம் வரும், கவனம்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, குறிப்பேட்டைத் திறக்காமல், வெற்று ஃபைலில் அதே அறையை மறுபடி வரையுங்கள். நாற்பது நிமிடம் ஆகலாம். எங்கெல்லாம் கை நின்றதோ அதை மட்டும் எழுதிவைத்துத் தேடுங்கள். பயிலரங்கில் எடுத்த பத்துப் பக்கக் குறிப்புகளைவிட இந்த அரைப் பக்கம் அதிகம் உதவும்.

அப்போது ஒன்று நடக்கும். முதல் சுவர் 4000, திரும்பி 3000, திரும்பி 4015, கடைசிச் சுவர் 2990 என்று தாளில் இருக்கும் அளவுகளை எல்லா மூலைகளும் செங்கோணம் என்று நம்பி வரைந்துகொண்டே வருவீர்கள். கடைசிக் கோடு தொடங்கிய புள்ளியில் போய்ச் சேராது. பதினெட்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு நிற்கும். பென்சிலாக இருந்தால் முனையின் தடிமனிலேயே அது மறைந்திருக்கும். மென்பொருளுக்கு அப்படி மறைக்கத் தெரியாது. கோட்டை இழுத்து ஒட்டவைக்கத் தோன்றும், செய்யாதீர்கள். டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்து போய், அறையின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். நான்குக்கு மூன்று மீட்டர் அறையில், மூலைகள் சதுரமாக இருந்தால் இரண்டும் 5000 காட்ட வேண்டும்.